டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வந்தாலும் புத்தி வருவதில்லை, டாக்டர் சொல்வதைக் கேட்பதில்லை, சீனி அளவுப் புத்தகத்தில் பொய்க் கணக்கு எழுதிக்கொண்டுபோய்க் காட்டுகிறார்கள், ஏன்தான் இப்படிப் பொய் சொல்கிறார்களோ என்று வருத்தப்பட்டிருந்தார். ஐயா சொன்னதில் பொய்க் கணக்கு உண்மைதான். நானே எழுதியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஏழு வருடம். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதாக இருந்தால் நடுவில் வெட்டுங்கள், கடைசிப் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எனக்கு இப்போது 24 வயது, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். 2012-இல் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று வாரமாக ஓயாத தாகம், ராத்திரியில் நாலைந்து தடவை பாத்ரூம், பள்ளிச் சட்டை தொளதொள என்று தொங்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளை சோர்ந்து கிடக்கிறானே என்று பாட்டி மைலோவைக் கெட்டியாகக் கலக்கி வேளாவேளைக்குக் கொடுத்தார், பாவம், அவருக்கு என்ன தெரியும். ஒருநாள் வகுப்பிலேயே வாந்தி எடுத்து, மூச்சு இரைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் சீனி 31 (இங்கே மில்லிமோல் கணக்கு). இந்திய யூடியூப் பார்த்தே வைத்தியம் கற்றுக்கொண்ட அங்கிள்களுக்காகச் சொல்கிறேன், அங்கே மில்லிகிராம் கணக்கு, 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 558 வரும். இது முதல் வகை நீரிழிவு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை, அம்மா கவனிக்காததால் வருவதும் இல்லை. இதை எத்தனை கல்யாண வீட்டில் எத்தனை அத்தைகளுக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை, இன்னமும் "சின்ன வயசுல நிறைய ஐஸ்கிரீம் சாப்பிட்டானோ" என்றுதான் கேட்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐயா கேட்டது, பிள்ளைகள் ஏன் டாக்டரிடம் பொய் சொல்கிறார்கள் என்று. என் விஷயத்தில் பதில் சுலபம். அந்த அறையில் டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா லாரி ஓட்டுநர், வாரத்தில் பாதி நாள் ஜொகூர்ப் பக்கம் போயிருப்பார். அம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. இங்கே சாலையோரத்தில் காலையில் வடையும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலமும் விற்கிறார். அவருக்குத் தெரிந்த மலாய் கடை மலாய். எத்தனை பொட்டலம், சம்பல் கூடப் போடவா, மிச்சக் காசு இந்தாங்க. அதை வைத்துக்கொண்டு எப்படி ஒரு டாக்டரோடு இன்சுலின் பற்றிப் பேசுவது? முதல் ஒரு வாரம் வார்டில் இருந்தபோது தமிழ் தெரிந்த பயிற்சி டாக்டர் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார், அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டதுதான் அம்மாவுக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளினிக். 5 ரிங்கிட் கட்டணம், மூன்று மணி நேரக் காத்திருப்பு, பத்து நிமிடம் டாக்டர். அந்தப் பத்து நிமிடத்தில் டாக்டர் சொல்வதை அம்மாவுக்கும் அம்மா சொல்வதை டாக்டருக்கும் மாற்றிச் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. நோயாளி. வயது 12.

டாக்டர் பேசியதில் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத சொற்கள் சில இருந்தன. டெகில். மாலாஸ். போத்தோங் காக்கி. பிடிவாதம், சோம்பல், காலை வெட்டுவது. இந்த மூன்றும் கடை மலாயிலேயே அம்மாவுக்குத் தெரியும். யோசித்துப் பாருங்கள், ஊசியை எந்த நேரம் போடுவது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, ஏன் கூடுகிறது ஏன் குறைகிறது எதுவுமே அவர் காதுக்குப் போய்ச் சேராது, திட்டு மட்டும் நேராகப் போய்ச் சேரும். கிளினிக்கிலிருந்து வீடு திரும்பும்போது எல்ஆர்டி ரயிலில் என் காலையே பார்த்துக்கொண்டு வருவார்.

ஆகவே நான் எடிட்டிங் செய்ய ஆரம்பித்தேன். மூன்று மாத அளவு (HbA1c என்ற ரத்தச் சோதனை) 10.4 சதவீதம், போன தடவையைவிட மோசம், இப்படியே போனால் வார்டில் சேர்ப்பேன் என்று டாக்டர் சொல்வார். நான் அம்மாவிடம், "கொஞ்சம் கூடியிருக்காம், பரவாயில்லையாம்" என்பேன். அம்மா சும்மா இருக்கமாட்டார். "ராத்திரி தூக்கத்துல சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு போவுதுடா, அதைக் கேளு" என்பார். நான் டாக்டரிடம் திரும்பி, அடுத்த அப்பாயிண்ட்மென்ட் பள்ளி விடுமுறையில் கிடைக்குமா என்று அம்மா கேட்கிறார் என்பேன். டாக்டர் கிடைக்கும் என்று தலையாட்டுவார். நான் அம்மாவிடம், "அது வளர்ற வயசாம், வேர்க்குமாம்" என்பேன். மூன்று பேரும் திருப்தியாக எழுந்து வருவோம்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது அது சிரிப்பு இல்லை. தூக்கத்தில் வேர்த்து நனைவது சீனி இறங்குவதன் அடையாளம். அம்மா சரியாகக் கவனித்திருக்கிறார், சரியான ஆளிடம் கேட்டிருக்கிறார், நடுவில் நான்தான் அமுக்கிவிட்டேன். என் கணக்குப் புத்தகம் எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறேன். அப்பாயிண்ட்மென்டுக்கு முதல் நாள் ராத்திரி நீலப் பேனா கறுப்புப் பேனா இரண்டையும் மாற்றி மாற்றி எழுதி, நடுவில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கறை கொஞ்சம் வைத்து, மூன்று மாத எண்ணை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். எல்லாவற்றையும் 6 என்று போட்டால் நம்பமாட்டார்கள் என்று காலை அளவை மட்டும் 8, 9, 8.7 என்று போட்டேன், நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று. டாக்டர் நம்பினார். காலை அளவு கூடவே இருக்கிறது என்று ராத்திரி ஊசியில் இரண்டு யூனிட் கூட்டினார். அவர் கையில் இருந்த தகவலுக்கு அது சரியான முடிவுதான். மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலை எனக்கு இழுப்பு (வலிப்பு) வந்தது. பக்கத்து வீட்டு அங்கிள் காரில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனார், சீனி 2.1-க்கு இறங்கியிருந்தது. அப்போது எனக்கு 14 வயது. (போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மயங்கிக் கிடப்பவர் வாயில் சீனித் தண்ணியோ தேனோ ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். நினைவு இருந்தால்தான் வாய்வழி. 15 கிராம் சீனி, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை.)

அடுத்த தடவை கிளினிக்கில் டாக்டர் சீனி பார்க்கும் என் மீட்டரை வாங்கி அதன் நினைவகத்தைத் தட்டிப் பார்த்தார். மூன்று மாதத்தில் 19 சோதனை. புத்தகத்தில் 360. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பொய்யன் என்று ஆகிவிட்டது, பக்கத்து அறை மிசி (தாதி) வரை வந்து பார்த்துவிட்டுப் போனார். "ஏன் சோதிக்கவில்லை, மாலாஸா?" என்று டாக்டர் கேட்டார். நான் ஆமாம், மாலாஸ் என்றேன்.

மாலாஸ் இல்லை. மீட்டரில் செருகும் சோதனை ஸ்டிரிப் எங்களுக்குச் சொந்தச் செலவு. ஒன்று ஒரு ரிங்கிட்டுக்கு மேல். ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் மாதத்துக்கு 120. அம்மா எத்தனை பொட்டலம் கட்டினால் அந்தக் காசு மிஞ்சும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் ராத்திரியில் இலையை நறுக்கிக் கொடுப்பது நான். டப்பா காலியாகப் போகிறது என்று சொன்னால் அம்மா யாரிடமாவது கடன் கேட்பார், அதனால் டப்பா எப்போதும் பாதி நிறைந்தே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இதை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? எங்களிடம் காசில்லை என்று மலாயில் சொன்னால் அது அம்மாவுக்குப் புரியும், கடை மலாய்தானே. சோம்பேறி என்று பெயர் வாங்குவது அதைவிட மலிவாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வு) எழுதிய 2018-இல் பரீட்சை நாட்களில் வேண்டுமென்றே சீனியை உயரத்தில், 13, 14-இல் வைத்திருந்தேன். கணிதத் தாளுக்கு நடுவில் சீனி இறங்கிக் கை நடுங்கி, எழுத்து இரண்டாகத் தெரிந்து, கண்காணிப்பாளரிடம் கை தூக்கி மிட்டாய் தின்ன அனுமதி கேட்பதைவிட அது மேல் என்று எனக்குப் பட்டது. அந்த மூன்று மாத அளவு எகிறியது. கிளினிக்கில் அதற்குப் பெயர் கட்டுப்பாடு இல்லை. என்னிடம் கட்டுப்பாடு இருந்தது, தவறான பக்கம் கட்டுப்படுத்தினேன், அவ்வளவுதான். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், பரீட்சை நாளில் ஊசியை எப்படி மாற்றலாம் என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

அந்த மூன்று மாத அளவைப் பற்றிக் கொஞ்சம். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும் சீனியை அளப்பது அது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால் இரண்டு மூன்று மாதச் சராசரி கிடைக்கும். 7 சதவீதம் என்றால் சராசரி 8.6, 9 சதவீதம் என்றால் 11.8, இப்படி ஒரு கணக்கு. நல்ல சோதனை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சராசரிதானே? ராத்திரி 3-க்கு இறங்கி மத்தியானம் 17-க்கு ஏறுகிறவனுக்கும் நாள் முழுக்கப் பத்திலேயே நிற்கிறவனுக்கும் ஒரே எண் வரலாம். அதை வைத்துக்கொண்டு பள்ளி ரிப்போர்ட் கார்டு மாதிரி "இந்தத் தடவை ஃபெயில்" என்றால் பிள்ளை என்ன செய்வான், ரிப்போர்ட் கார்டை ஒளித்து வைக்கிற பிள்ளை என்ன செய்வானோ அதைத்தான். அதிலும் 13, 14 வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும், அதே சோறு அதே ஊசி என்றாலும் அளவு ஏறும். இது எல்லாப் பருவப் பிள்ளைகளுக்கும் உடம்பு செய்கிற வேலை. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் என்னவோ திருட்டுத்தனம் செய்கிறேன் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இன்சுலின் வந்த கதையை ஒருநாள் படித்தேன். உலகத்தில் முதன்முதலாக அந்த ஊசியைச் சிகிச்சையாகப் போட்டுக்கொண்டவனும் ஒரு பையன்தான், லியோனார்ட் தாம்சன், 14 வயது, கனடாவில் டொராண்டோ மருத்துவமனையில், 1922 ஜனவரி 11. முதல் ஊசி சரிவரவில்லை, சீனி கொஞ்சம்தான் இறங்கியது, போட்ட இடத்தில் வீங்கிக் கட்டியது. டாக்டர்கள் என்ன செய்தார்கள் என்றால் மருந்து சுத்தமாக இல்லை என்று திரும்பப் போய், சுத்தப்படுத்தி, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள், வேலை செய்தது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அளவு இறங்கவில்லை என்றதும் கோளாறு எங்கே என்று மருந்தில் தேடியிருக்கிறார்கள், பையனிடம் தேடவில்லை.

எனக்கு விடிவு வந்தது கொரோனாவால், சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, அதற்குப் பிறகு மருத்துவமனைக்குள் நோயாளி மட்டும்தான், கூட வருகிறவர் வெளியே. எனக்கு 19 வயது, பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது, அங்கேயும் அதுவரை அம்மா கூடவே வந்துகொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு டாக்டரும் நானும் தனியாக ஓர் அறையில் இருந்தோம். புது டாக்டர், பெண், முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. "இந்த நோயில் உனக்கு எது ரொம்ப எரிச்சல்?" என்று கேட்டார். எட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி, அதற்குத் தயார் பண்ணி வைத்த பதில் என்னிடம் இல்லை. ஸ்டிரிப் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை, புத்தகம், மொழிபெயர்ப்பு, இழுப்பு வந்தது, எஸ்பிஎம், எல்லாம். அவர் திட்டவில்லை. "நல்லா சமாளிச்சிருக்க, ஆனா தனியா சமாளிச்சிருக்க" என்று மட்டும் சொன்னார். அப்புறம் ஒரு படிவத்தை நிரப்பி, கீழ்த்தளத்தில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது, போய்ப் பார் என்றார். ஸ்டிரிப்புக்கு உதவிக்கு விண்ணப்பிக்கலாமாம். அதே கட்டடம், அதே கீழ்த்தளம், அந்த வாசலைத் தாண்டித்தான் ஒவ்வொரு தடவையும் மருந்து வாங்கப் போயிருக்கிறேன்.

அந்த வருடம் முடிவதற்குள் என் அளவு 9.8-இலிருந்து 7.6-க்கு வந்தது. மருந்தை மாற்றவில்லை. எண்ணை நிஜமாக எழுதினேன், அவ்வளவுதான். பொய் எண்ணுக்கு ஊசி கணக்குப் போட்டவர்களுக்கு இப்போது நிஜ எண் கிடைத்தது.

டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் வரிசையில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நானே பார்க்கிறேன். நாட்டில் பெரியவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023 தேசிய ஆய்வு சொல்கிறது, அதில் நம் இந்தியர்களின் விகிதம் எப்போதுமே உயரம். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டாம் வகை. சுவரொட்டி அவர்களுக்காக, பேச்சு அவர்களுக்காக, சோற்றைக் குறை, நட, எடையைக் குறை. 18 வயதில் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தபோது பக்கத்து அங்கிள் "யாரைக் கூட்டிட்டு வந்திருக்க தம்பி?" என்று கேட்டார். எங்கள் கணக்கு வேறு. நாங்கள் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. நான் ஒரு நாளைக்கு நாலு ஊசி, வருடத்துக்கு 1,460, ஒவ்வொன்றுக்கும் எத்தனை யூனிட் என்று முடிவு பண்ணுவது நான், டாக்டர் இல்லை. ஒரு கோப்பை சோறு சுமார் 45 கிராம் மாவுச்சத்து என்று உணவு ஆலோசகர் தாளில் இருக்கிறது. தோசைக்கும் ஒரு எண் இருக்கிறது, ஆனால் எங்கள் அம்மா வார்க்கும் தோசை அந்தத் தாளில் இருக்கிற தோசை இல்லை, அது ஒரு தனி நாடு. அந்த முடிவையெல்லாம் எடுக்கிறவனிடம்தானே பேச வேண்டும்?

கவனமாகப் பார்த்துக்கொண்டால் கண் சிறுநீரகமெல்லாம் காப்பாற்றலாம் என்று நிரூபித்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு, 1993-இல் முடிவு வந்தது, 1,441 பேர், 13 வயதிலிருந்து 39 வரை. கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணை எல்லா டாக்டரும் சொல்வார்கள். அந்தத் தீவிரச் சிகிச்சைக் குழுவில் இருந்தவர்கள் மாதம் ஒரு தடவை டாக்டர் குழுவைப் பார்த்தார்கள், நடுவில் அடிக்கடி போனிலும் பேசினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. ஊசி மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. நம் கிளினிக்குகளில் மாதம் ஒரு தடவை முடியாது, தெரியும். ஒரு வாட்சாப் செய்தி?

சொற்களைப் பற்றி வெளியே நிறைய யோசிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2011-இலேயே, அமெரிக்காவில் 2017-இல், இங்கிலாந்தில் 2018-இல் நீரிழிவு உள்ளவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அதிகாரபூர்வமாகவே வழிகாட்டி போட்டிருக்கிறார்கள். சொல் பேச்சு கேளாதவர், கட்டுப்பாடு இல்லாதவர் என்ற மாதிரிச் சொற்களை விடுங்கள், காலை வெட்டுவேன் என்று பயமுறுத்தாதீர்கள் என்ற ரீதியில். பதின்ம வயதுப் பிள்ளையைக் கொஞ்ச நேரமாவது தனியாகப் பாருங்கள் என்பதும் குழந்தை நீரிழிவு நிபுணர்கள் உலக அளவில் சொல்கிற ஒன்றுதான், நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இன்சுலின் போட்டால் எடை கூடுகிறது என்று ஊசியைத் தவிர்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அது டாக்டர்களுக்கும் தெரிந்த ஆபத்து. அம்மா பக்கத்தில் இருக்க எந்தப் பெண் அதைச் சொல்லும்?

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. ரமலானுக்கு முன்னால் நோன்பிருக்க விரும்புகிற நோயாளிகளிடம் டாக்டர்கள் அவர்களாகவே கேட்கிறார்கள், ஊசி அளவை எப்படி மாற்றுவது, எந்த அளவுக்குக் கீழே போனால் நோன்பை விடவேண்டும் என்று பேசுகிறார்கள். அருமையான ஏற்பாடு. வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொன்னால் சொல்லாமல் இருந்துவிடுவார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதே கேள்வியைத் தைப்பூசத்துக்கு முன்னால் எங்களிடமும் கேட்கலாமே? 2018-இல் நான் விரதமிருந்து, ரதத்தோடு ஜாலான் ஈப்போ வழியாக ராத்திரி முழுக்க நடந்து, ஆற்றங்கரையில் குளித்து, பால்குடம் எடுத்து பத்துமலையில் 272 படி ஏறினேன். போகாதே என்பார்கள் என்று டாக்டரிடம் மூச்சு விடவில்லை. இறங்கி வரும்போது சீனி 3.1, தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த சிரப் தண்ணிதான் காப்பாற்றியது, முருகன் அங்கே நின்றிருந்த அக்கா வடிவில் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் போகிறேன், ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி, எத்தனை யூனிட் குறைப்பது, எங்கெங்கே நின்று பார்ப்பது, பையில் என்ன வைத்துக்கொள்வது என்று எழுதி வாங்கிக்கொண்டு போகிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பிள்ளையை அவனுடைய வழக்குக்கே மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த மிசி, மருந்தகத்து அக்கா, பக்கத்து அறை டாக்டர், ஐந்து நிமிடத்துக்கு யாராவது ஒரு பெரிய ஆள். அம்மாவிடம் அந்த ஆள் பேசட்டும், பிள்ளையிடம் டாக்டர் தனியாகப் பேசட்டும். இந்தப் பத்திரிகையைத் தமிழ் டாக்டர்களும் படிக்கிறார்கள், தாதிகளும் படிக்கிறார்கள், அவர்களுக்குத்தான் சொல்கிறேன். பெற்றோர்களே, டாக்டர் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மறைக்கத்தான் செய்வோம். உங்களிடம் மறைப்பதை அவரிடமாவது சொல்லட்டும்.

இனி அந்தக் கடைசிப் பகுதி. போன வருடம் அம்மாவுக்கும் இனிப்பு நீர் என்று வந்துவிட்டது, இரண்டாம் வகை, மாத்திரையில்தான் இருக்கிறார். போன மாதம் அவரோடு கிளினிக்குக்கு நான் போனேன். டாக்டர் இளைஞர், மலாயில், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று என்னைக் கேட்டார். அம்மா டாக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், என்னிடம் தமிழில் சொன்னார்: "வயித்தக் கலக்குதுன்னு ராத்திரி மாத்திரைய விட்டுட்டேன்டா, அதைச் சொல்லிடாத, திட்டுவாரு."

நான் டாக்டரிடம், தமிழ் தெரிந்த மிசி யாராவது இருந்தால் கூப்பிட முடியுமா, நான் வெளியே இருக்கிறேன் என்றேன். அம்மா என்னை முறைத்தார். மருந்து முகப்பிலிருந்து ஓர் அக்கா வந்தார், கதவு சாத்தியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தேன், 12 நிமிடம். வெளியே வந்த அம்மா கையில் மாத்திரைச் சீட்டு புதிதாக இருந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.